மேடையிலே அவர்களுக்கும் ஒரு வேடம்

ஜூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருபவை கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆடம்பரத் திருப்பலி, ஆயர் பெருந்தகையின் வருகை, இந்த நினைவு மலர் ஆகியவையே. ஆனால் ஜூபிலி ஆண்டு முதன்முதல் விதிக்கப்பட்டபோது அதன் பொருள் வேறாக இருந்தது. லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிப்பவர் அதனை அறிவர். இழந்த நிலத்துக்கும் பிரிந்த குடும்பத்துக்கும் ஒவ்வொருவரும் திரும்பிச் செல்லும் ஆண்டு அது. ஆகவே பங்கின் வரலாற்றை எழுத உட்காரும்போது, எழுப்பிய கட்டடங்களை எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. தம் இடத்தை இழந்து நிற்பவர் யார், அவர்கள் அதனைத் திரும்பப் பெறும் வழி யாது என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அத்தகையோரில் ஒரு சாராரின் வரலாற்றை இங்கே காண்போம். பிறவியிலோ இளமையிலோ அறிவு வளர்ச்சி தடைப்பட்ட நம் சகோதர சகோதரிகளை அக்காலத்தில் ‘மந்தபுத்தி’ என்றனர். பின்னர் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்றனர். 2010-ல் தமிழக அரசு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லைக் கைக்கொண்ட பிறகு, ‘அறிவுசார் மாற்றுத்திறனாளிகள்’ என்று அழைக்கக் கற்றுக்கொண்டோம். பெயர் மாறியது நன்று. நிலை மாறியதா? எத்தனையோ பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்கிறது. புதுநன்மை பெற்றோர் வரிசையில் தேடினால் பல வேளைகளில் கிடைப்பதில்லை. பாடற்குழுவிலும் இளைஞர் மன்றத்திலும் இல்லை. திருமணப் பதிவேட்டில் இல்லவே இல்லை. அடுத்தபடி அந்தப் பெயர் காணப்படுவது அடக்கப் பதிவேட்டிலேதான். இவ்விரு ஏடுகளுக்கும் இடைப்பட்ட முப்பது நாற்பது ஆண்டுகளில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? திருவிழா நாளிலும் வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள் என்பதே பெரும்பாலும் விடை.

இவர்களை வெளியே கொண்டுவந்த வழிகள் பல. பள்ளி, தொழிற்பயிற்சி, விளையாட்டு ஆகியவற்றை நாம் அறிவோம். நாடகமும் அவற்றுள் ஒன்று என்பதைப் பலர் அறியார்.

நம் மண்ணின் நாடக மரபு

மதுரை நாடகத்துக்குத் தாய்வீடு. தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ல் மதுரையிலேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். இளமையில் பயின்றதும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலேதான். இக்கம்பெனிகளில் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஏழைச் சிறுவர் பலர். பாட்டும் வசனமும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன. திரும்பத் திரும்பப் பாடி, தாளம் தட்டி, நடந்து காட்டியே பாடம் ஏறிற்று. கண்டிப்பும் அடியும் அங்கே இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு நற்பண்பு அவ்வாசிரியரிடம் இருந்தது. டி.கே. சண்முகம் என்ற சிறுவனுக்காகவே அவர் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. எழுதிவைத்த நாடகத்துக்கு ஆள் தேடாமல், கையில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்ற நாடகத்தை எழுதினார். இவ்வொரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அடுத்து, 1978-ல் பேராசிரியர் மு. இராமசுவாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். திரை, சீன், விளக்கு ஒன்றும் வேண்டா, வட்டமாகக் கூடிநிற்கும் மக்களே போதும் என்பதை வீதி நாடகம் நமக்குக் காட்டிற்று. நம் கத்தோலிக்கக் கிராமங்களிலோ பாஸ்கா நாடகம் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. உழவரும் கொத்தனாரும் கடைக்காரரும் அரிதாரம் பூசிச் சீடராகவும் சேவகராகவும் நிற்கும் இரவுகளை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். யார் யாருக்கு என்ன வேடம் என்று நோட்டீஸில் பெயர் அச்சாகும்போது அந்தந்த வீட்டார் அடையும் மகிழ்ச்சி சொல்லி முடியாது.

இத்தனை பெரிய நாடக மரபில் அறிவுசார் மாற்றுத்திறனாளிக்குக் கிடைத்த இடம் எது? சிரிப்புக்குரிய அசடனின் இடம். அந்த அசடனாகவும் இன்னொருவரே நடித்தார். திரைப்படம் வந்த பின்னர் பரிவு பிறந்தது. ‘16 வயதினிலே’ (1977) சப்பாணியையும், ‘அஞ்சலி’ (1990) குழந்தையையும், ‘தெய்வத்திருமகள்’ (2011) தந்தையையும் கண்டு தமிழர் கண்ணீர் விட்டனர். ஆனால் அவ்வேடங்களைத் தாங்கியவர்கள் தேர்ந்த நடிகர்கள். யாருடைய கதையோ அவர்கள் அப்போதும் கொட்டகைக்கு வெளியேதான் நின்றார்கள்.

பார்வையாளர் வரிசையும் கொலைக்களமும்

மேல்நாட்டிலும் தொடக்கம் இவ்வாறே. டவுன் நோய்க்குறித் தொகுதியை 1866-ல் விளக்கி எழுதியவர் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன். இவர் 1868-ல் லண்டனுக்கு அருகே டெடிங்டனில் நார்மன்ஸ்பீல்டு என்ற இல்லத்தைத் தொடங்கினார். சங்கிலியும் பிரம்பும் ஆண்ட காலத்தில் இசையும் கூத்தும் இவர்களுக்கு நன்மை தரும் என்று நம்பிய பெருந்தன்மையாளர் அவர். 1879-ல் அவ்வில்லத்தில் ஓர் அழகிய நாடக அரங்கையே கட்டினார். அது இன்றளவும் நிற்கிறது. எனினும் மேடையில் நடித்தவர்கள் பெரும்பாலும் பணியாளர்களே. இல்லத்தார் பார்வையாளராய் அமர்ந்து மகிழ்ந்தார்கள். அவர்களுக்காக நாடகம் நடந்தது. அவர்களால் நாடகம் நடக்கக்கூடும் என்ற எண்ணம் பிறக்க இன்னும் நூறாண்டு ஆயிற்று.

இடையிலே ஒரு கொடுங்காலம் வந்தது. இட்லரின் ஜெர்மனியில் 1940, 1941 ஆகிய ஈராண்டுகளில் மட்டும், மனநோயாளிகளும் அறிவு வளர்ச்சி குன்றியோருமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சுப்புகையால் கொல்லப்பட்டனர். உழைத்துப் பயன் தராதவர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். மூன்ஸ்டர் நகர ஆயர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் வான் காலன், 1941 ஆகஸ்டு 3-ஆம் நாள் பிரசங்க மேடையில் நின்று இக்கொலையைக் கொலை என்றே பெயரிட்டுக் கண்டித்தார். அப்பிரசங்கத்தை மக்கள் கைப்படப் பிரதியெடுத்து இரகசியமாகப் பரப்பினர். அம்மாதமே அத்திட்டத்தை நிறுத்த உத்தரவாயிற்று. ஆயினும் மறைவில் கொலைகள் போர் முடியும்வரை தொடர்ந்தன.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் கைகழுவிவிட முடியாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் வெந்தனர். 28 பேர் மாண்டனர். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. முன்னது எந்த வயதிலும் வரலாம், மருந்தால் தணியலாம். பின்னது இளமையிலேயே அமைந்துவிடுவது. அதற்கு வேண்டுவது பயிற்சியும் பொறுமையும். ஆனால் ஊர் கண்ணில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இருவரையும் மறைத்து வைப்பதும் ஒன்றுபோலவே நடக்கிறது. மறைவில் இருப்பவருக்கு என்ன நேர்ந்தாலும் அதைக் கேட்க ஆளில்லை.

பள்ளியிலிருந்து அரங்குக்கு

நம் நாட்டில் இவர்களுக்கெனத் தனிப்பள்ளி 1944-ல் பம்பாயில் ஜெய் வக்கீல் அம்மையாரால் தொடங்கிற்று. 1950-களில் சென்னையில் பால விஹார் எழுந்தது. 1984-ல் மத்திய அரசு செகந்திராபாத்தில் தேசிய நிலையம் ஒன்றை அமைத்தது. நம் மதுரையில் மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையின் மனநலப் பணியைப் பலரும் அறிவர்.

தமிழகத்தில் இவர்களை மேடைக்கே அழைத்து வந்தவர்களுள் முதலில் குறிப்பிடத் தக்கவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அம்பிகா காமேஷ்வர். பரத நாட்டியமும் இசையும் கற்றவர். பார்வையற்ற சிறாருடன் முன்பு பணியாற்றிப் பழகியவர். 1989-ல் ‘ரசா’ என்று சுருக்கி அழைக்கப்படும் ரமணா சுந்ருத்ய ஆலயாவை நிறுவினார். மதுரையில் படித்து, 1896-ல் இங்கிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுப்போன ரமண மகரிஷியின் பெயரைத் தாங்கியது அது. இசை, தாளம், அசைவு, கதை, வேடம், கைவினை ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கோத்து, ‘முழுமையான வளர்ச்சிக்கு அரங்கக் கலைகள்’ என்ற கருத்தில் ஒரு கல்வி முறையை அவர் வகுத்தார். எண்ணும் நிறமும் வலமும் இடமும் கரும்பலகையில் ஏறாத பிள்ளைக்கு, அடி வைத்தும் பாடியும் அவை ஏறுகின்றன. அப்பிள்ளைகளே பின்னர் நாட்டிய நாடகங்களில் பொதுமேடை ஏறினர். இம்முறையைப் பிற சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அவர் கற்பித்தார். நம் பழைய பால சபைகளின் வாய்மொழிப் பாடம், அடியும் உதையும் நீங்கி, அன்போடு மறுபிறவி எடுத்ததாகவே இதனைக் கருதலாம்.

பாக் நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் சென்றால் இன்னொரு நற்காட்சி. லண்டனில் 1980-ல் மாற்றுத்திறனாளிகளும் மற்றவரும் சேர்ந்தாடும் ‘அமிச்சி’ நடன அரங்கை நிறுவியவர் வொல்ஃப்காங் ஸ்டாங்க். அவருடைய துணையோடு சுநேத்திரா பண்டாரநாயக்க 2000-ல் ‘சுனேரா’ அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். அப்போது அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் ஊனமுற்ற இராணுவ வீரர்களும் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும் ஒரே மேடையில் ஒருவர் கையை ஒருவர் பற்றி நின்றனர். பின்னர் தீவின் பல மாவட்டங்களில், தமிழர் வாழும் பகுதிகளிலும், கிழமைதோறும் கூடும் அரங்கப் பயிற்சிக் குழுக்கள் அமைந்தன. வேறெங்கும் போகாத பிள்ளைக்கு அக்கிழமை நாள் ஒன்றே திருநாள். அண்டை மாநிலமான கேரளத்தில், மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2019-ல் திருவனந்தபுரத்தருகே இவர்களுக்கென ஒரு கலை மையத்தை அமைத்தார்.

உலக அரங்கிலும் இவர்கள் இடம்பிடித்துவிட்டார்கள். பிரான்சின் ரூபே நகரில் 1978-லும், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1993-லும் இவர்களைக் கொண்ட நாடகக் குழுக்கள் எழுந்தன. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987-ல் தொடங்கிய ‘பேக் டு பேக்’ குழு, 2011-ல் நடத்திய நாடகம் நாம் அறியவேண்டியது. ஸ்வஸ்திகச் சின்னத்தை நாஜிகளிடமிருந்து மீட்டுவர விநாயகர் ஜெர்மனிக்குப் பயணம் போவதாகக் கதை. இந்து சமயத்தார் சிலருக்கு இது மனவருத்தம் தந்தது, அதுவும் நியாயமே. எனினும் அந்நாடகத்தின் நடிகர்களை எண்ணிப் பாருங்கள்! எழுபது ஆண்டுகளுக்கு முன் அதே ஜெர்மனியில் பிறந்திருந்தால் நச்சுப்புகைக் கூடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர்கள், அக்கொடுமையைத் தம் வாயாலேயே உலகுக்கு உரைத்தார்கள். 2022-ல் அக்குழுவுக்கு நார்வே நாட்டின் சர்வதேச இப்சன் விருது வழங்கப்பட்டது.

சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டது. 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, கலை வாழ்வில் பங்கேற்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது. இந்தியா 2007-ல் அதனை ஏற்றது. நம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் கலை, பொழுதுபோக்கு உரிமைகளைப் பேசுகிறது.

திருச்சபைக்குள் ஒரு முயற்சி

பிரான்சு நாட்டில் ஒரு கத்தோலிக்கத் தம்பதியருக்கு இரு புதல்வர். இருவருமே கடுமையான குறைபாடுடையோர். லூர்து திருப்பயணத்தில் சேர அவர்கள் விரும்பினர். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது, மற்றப் பயணிகளுக்கு இடைஞ்சல் என்று மறுக்கப்பட்டனர். இத்துயரமே ஒரு வித்தாயிற்று. 1971 பாஸ்கு திருநாளில் 15 நாடுகளிலிருந்து பன்னீராயிரம் பேர் லூர்தில் கூடினர். அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேர் அறிவுசார் மாற்றுத்திறனாளிகள். அங்கே பிறந்ததுதான் ‘விசுவாசமும் ஒளியும்’ இயக்கம். பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள் மாதந்தோறும் கூடுகிறார்கள். அன்றைய நற்செய்தியைப் பேச்சின்றி, அபிநயத்தால் நடித்துக் காட்டுகிறார்கள். வாசித்து அறிய இயலாதவர்க்கு நடிப்பே வாசகமாகிறது.

அதன் நிறுவனர் இருவருள் ஒருவர் ழான் வானியே. பெங்களூரில் 1970-ல் தொடங்கிய ‘ஆஷா நிகேதன்’ இல்லத்துக்கும் மூலமான லார்ஷ் இயக்கம் அவருடையதே. அவர் 2019-ல் மறைந்த பின், 2020-ல் லார்ஷ் தானே ஒரு விசாரணை முடிவை வெளியிட்டது. ஆன்ம வழிகாட்டுதலின் பெயரால் குறைந்தது ஆறு பெண்களுக்கு அவர் தீங்கிழைத்திருந்தார் என்று அதில் கண்டது. அப்பெண்கள் மாற்றுத்திறனாளிகள் அல்லர். ஆயினும் நமக்கு இதில் பெரும் எச்சரிக்கை உண்டு. தலைமை தாங்குபவர் எவ்வளவு பெரிய புண்ணியவாளராய்க் காணப்பட்டாலும், பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தலாகாது. ஒத்திகை திறந்த இடத்தில் நடக்க வேண்டும். பொறுப்பாளர் இருவராவது உடன் இருக்க வேண்டும். தாய் தந்தையர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்றிருக்க வேண்டும்.

குழு இயங்கும் விதம்

இத்தகைய குழு ஒன்று எவ்வாறு நடக்கிறது? பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒரு கூடம், சில பாய்கள், ஒரு தப்பு அல்லது மேளம், சில சேலைத் துணிகள் போதும். கிழமையும் நேரமும் இடமும் மாறாதிருத்தல் முதல் விதி. பழக்கம்தான் இவர்களுக்குப் பாதுகாப்பு. வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவர் பெயரையும் தாளத்தோடு சொல்லி அழைப்பர். பிறகு ஒருவர் செய்வதை எதிரே இருப்பவர் கண்ணாடிபோல் செய்து காட்டுவார். தன் முறை வரும்வரை காத்திருத்தல், பிறர் முகத்தை நோக்குதல், கேட்டதற்கு விடையளித்தல் ஆகியவை விளையாட்டாகவே பழகிவரும்.

கதைக்கு வரும்போது சங்கரதாஸ் சுவாமிகளின் வழியே சிறந்தது: நடிகருக்கேற்ற வேடம். நீண்ட வசனம் வராதவருக்கு ஒரே ஒரு வார்த்தை. அதுவும் வராதவருக்கு ஒரு செயல். கையிலே விளக்கோ குடமோ கொடுத்துவிட்டால் பாதி நடிப்பு வந்துவிடும். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் இங்கே பேருதவி புரிவான். கதையை அவன் சொல்லிச் செல்ல, நடிகர் செய்து காட்டலாம். துணை நடிகர் ஒருவர் அருகிலேயே நின்று, இழுக்காமல் தள்ளாமல், கண்ணால் நினைவூட்டுவார். வரி தவறினால் காத்திருப்பார்.

நாடகம் மருந்தன்று; இதனால் குறைபாடு தீர்ந்துவிடும் என்று எவரும் வாக்களிக்கலாகாது. ஆனால் மருந்தால் ஆகாத ஒன்று இதனால் ஆகிறது. வீட்டிலும் வெளியிலும் ‘இவனைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே’ என்று எண்ணப்பட்டவன், மேடையில் தான் வராவிட்டால் காட்சியே நின்றுவிடும் என்ற நிலையை அடைகிறான். ஊராருக்கு அவன் பெயர் தெரியவருகிறது. ஒரு வாரம் வராவிட்டால், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வருகிறது.

இதன் அருமையைத் தாய்மாரே அறிவர். ‘எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார்?’ என்பது அவர்கள் உள்ளத்தை அரிக்கும் கேள்வி. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பாதுகாவலரை நியமிக்க வழி செய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அறியாதோர் பங்கு அலுவலகத்தில் கேட்டறிக. ஆயினும் சட்டம் பாதுகாவலரைத் தரும். அவனை அறிந்த ஓர் ஊரைத் தர அதனால் இயலாது. அந்த ஊர் ஒத்திகைக் கூடத்திலே மெல்ல மெல்ல உருவாகிறது. பிள்ளைகள் நடிக்க, திண்ணையில் அமர்ந்து ஒருவர்க்கொருவர் மனம் திறந்து பேசும் தாய்மாரும் அதில் சேர்த்தி.

நாம் செய்யத் தக்கது

அன்பார்ந்த பங்கு மக்களே! புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், உடலின் வலுவற்ற உறுப்புகளைப்பற்றி என்ன சொல்கிறார் என்பதை இல்லம் சென்றதும் எடுத்து வாசியுங்கள். பிறகு வரும் தவக்காலத்தில் பாஸ்கா நாடகத்துக்கு வேடம் பங்கிடும்போது அதனை நினைவுகூருங்கள். குருத்து ஞாயிறு பவனியில் கிளை ஏந்த ஆள் வேண்டும். பாதம் கழுவப்படும் சீடர் பன்னிருவர் வேண்டும். சிலுவை சுமக்கத் தோள்கொடுக்கும் சீரேன் ஊர்ச் சீமோன் வேண்டும். ஆனால் ஒரு வேண்டுகோள்: குணம்பெறும் நோயாளி வேடத்தை மட்டும் இவர்களுக்குக் கொடுத்துவிட்டு அமையாதீர்கள். உதவி பெறுகிறவராகவே அவர்களைக் கண்டு பழகிவிட்டோம். சிலுவையைத் தாங்குகிற சீமோனாகவும் காண்போம். அவர்கள் படத்தைக் காட்டி நன்கொடை திரட்டும் எண்ணமும் வேண்டா. அரங்கில் எவரேனும் நகைத்தால், பெரியவர்கள் அங்கேயே கண்டியுங்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களும், மரியாயின் சேனையினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும் வீடு வீடாகச் செல்பவர்கள். பின்கட்டுக் கதவு எந்த வீட்டில் சாத்தியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவ்வீட்டாரிடம் பரிவோடு பேசி, பெயர்களை நம்மிடம் சேர்ப்பியுங்கள். ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் பங்குக் கூடம் நமக்காகத் திறந்திருக்கும். இளைஞர் மன்றத்தார் மேளத்தோடு வரட்டும்.

அடுத்த பாஸ்கா நோட்டீஸ் அச்சகத்திலிருந்து வரும்போது, இன்னார் மகன் இன்னார், சீரேன் ஊர்ச் சீமோன் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். ஞானஸ்நான ஏட்டுக்கும் அடக்க ஏட்டுக்கும் நடுவே அப்பெயர் மூன்றாவதாக ஓர் இடத்தில் அச்சேறினால், இந்த ஜூபிலியை நாம் முறையாகக் கொண்டாடியவர்கள் ஆவோம். இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!